அம்புக்குறி

கல்மேல் எழுத்து அழியாது என்பார்கள்.
எங்கள் எழுத்து ஒரே மழையில் அழிந்தது.

பெர்ன் நகரத்து ஆய்வகத்தின் நிலவறையில்
துணிப்பையிலிருந்து வெளியே வந்த பதினேழாம் கல்லில்
எண் இருக்கிறது,
யாரோ சாப்பிட்ட சாண்ட்விச்சின் எண்ணெய்க் கறைகூட இருக்கிறது,
வடக்கு இல்லை.

பாறையை உடைக்கும் முன் அதன் முகத்தில்
ஓர் அம்பு வரைய வேண்டும்.
காந்த ஊசியை வைத்து
இது வடக்கு, இத்தனை பாகை சாய்வு, இது மேல்புறம்.
பிறகுதான் சுத்தியல்.
திசை மறந்த கல் தோட்டத்துக்குக் கரை கட்ட ஆகும்;
மலை எப்படி எழுந்தது என்று
சாட்சி சொல்ல ஆகாது.

எல்ம் ஊருக்கு மேலே
முகடுகளின் நெஞ்சில் ரூல்தடி வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு.
கோட்டுக்கு மேலே இருபத்தைந்து கோடி வயது.
கீழே ஐந்து கோடிகூட ஆகவில்லை.
மூத்தது இளையதன் தோளில் ஏறி
நாற்பது கிலோமீட்டர் வந்திருக்கிறது.
முன்பு இதை நம்ப மனமில்லாமல்
வடக்கிலிருந்து ஒன்று, தெற்கிலிருந்து ஒன்று என
இரண்டு மாபெரும் மடிப்புகளை வரைந்து சமாளித்தார்கள்.
அழகான படங்கள்.
தவறு.

நகம் வளரும் வேகம் என்று பாடநூல் சொல்லும்.
எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை,
நகத்தை நாம் வெட்டிவிடுகிறோம்.
ஆழத்தில், சூட்டில், சுண்ணாம்புக்கல்
அவசரப்படுத்தினால் உடையும்,
ஆண்டுகள் கொடுத்தால் குழையும்.

குழைந்ததை நான் சீவினேன்.
மயிரிழையில் பாதிகூட இல்லாத தடிமனில்
கண்ணாடியில் ஒட்டி, ஒளியில் சுழற்றினால்
வெளிறிய ரோஜா, முத்துச் சாம்பல்,
மணிமணியாக, நீண்டு,
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து,
நெரிசல் பேருந்தில் பிரேக் போட்ட கணத்தில்
நிற்பவர்களைப் போல.
மேல்பாறை போன திசை அந்தச் சாய்வில்தான் இருக்கிறது.
ஆனால் பேருந்து எந்தப் பக்கம் போனது?

உர்சினா தொலைபேசியில் சொன்னாள்:
குறிப்பேட்டில் எண்கள் பத்திரம்.
நூற்று அறுபத்திரண்டு, இருபத்து நான்கு.
எந்த முகத்தில் அளந்தோம் என்பதுதான்...

பேனா என் கையில் இருந்தது.
வடக்கு நோக்கி என்று எல்லோரும் எழுதியாயிற்று.
நானும் ஓர் அம்பு போட்டால் யாருக்கு நஷ்டம்?
மூடியைக் கழற்றினேன்.
மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை
ஷ்வாண்டனில் ரயில் இறங்கிப் பள்ளத்தாக்குப் பேருந்து.
வெட்டியது போக மிஞ்சிய பாதிக்கல் என் மடியில்.
அன்று குடை பிடித்தது நான்,
ஆகவே குற்றத்தில் பாதி என்னுடையது.
மீதிப் பாதியைப் பற்றி உர்சினா பேசவில்லை.
ஓடை வரை பேசவில்லை.

பாறையில் எங்கள் சுத்தியல் தோண்டிய குழி
இன்னும் வெளுப்பாக இருந்தது.
கல்லை வைத்துப் பார்த்தேன்.
பொருந்தவில்லை.
திருப்பினேன். இல்லை.
உர்சினா வாங்கினாள், சேற்றைத் துடைத்தாள்,
நான் மேல் என்று நினைத்ததைக் கீழாக்கி வைத்தாள்.
டக்.
விரல் நுழைய இடமில்லை.

அப்படியே பிடித்துக்கொண்டு
படத்தை மனதில் சுழற்றினேன்.
மறுபடியும் சுழற்றினேன்.
தெற்கு.

மலையே வடக்கே போயிருக்க
இந்த ஒரு கைப்பிடி மட்டும் தெற்கே.
உள்ளே ஒரு சின்ன நெளிவா,
பின்னால் வந்த வேறொரு நகர்வா,
இன்னும் எதையோ தப்பாகப் பிடித்திருக்கிறோமா?
ஒரு கல் போதாது என்றாள்.
இருபதாவது வேண்டும்.
கடைசிப் பேருந்து ஐந்தே முக்காலுக்கு.

இந்த முறை அவள் பேனாவை நம்பவில்லை.
பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்து
அடுத்த பாறையில் கீறினாள்
வடக்கை.
பல் கூசியது எனக்கு.